1860-களின் பகல் கவுனை வீட்டிலேயே தைக்க: எங்கே தொடங்குவது?

#1 மெட்வே_கலா

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தில், கென்ட் பக்கம் இருக்கிறேன். பக்கத்து ஊரான ரோச்செஸ்டரில் டிசம்பரில், 19-ஆம் நூற்றாண்டு நாவலாசிரியர் டிக்கின்ஸ் பெயரில் விழா நடக்கும். ஊரே பழைய உடுப்பில் தெருவில் இறங்கிவிடும். இந்த முறை நானும் இறங்கலாம் என்று ஆசை. வாடகைக் கடைகளில் கிடைக்கும் பளபள சாட்டின், முதுகில் ஜிப், கழுத்தில் நைலான் லேஸ் வகையறா வேண்டாம். 1860-களின் தொடக்கத்தில் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் பகலில் போட்டிருக்கக்கூடிய கவுன், முடிந்தவரை அந்தக் காலத்து முறையிலேயே தைக்க வேண்டும்.

தையல் தெரியும். லைனிங், பைப்பிங் வைத்து சேலை பிளவுஸ் தைப்பேன், ஆறு பார்ட் உள்பாவாடையும் வரும். உடம்பை இறுக்கிப் பிடிக்க நாடாவால் கட்டும் விறைப்பான உள்ளாடையான கார்செட்டும், கவுனை விரித்து நிறுத்தும் வளையப் பாவாடையும்தான் புதுசு.

என் சந்தேகங்கள்: முதலில் கவுனைத் தைத்துவிட்டு, உள்ளே போடுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா? கார்செட் இல்லாமல் சமாளிக்க முடியுமா? பட்டு கட்டுப்படியாகாது, வேறு என்ன துணி எடுப்பது? ஊதா நிறம் பிடிக்கும். அது அந்தக் காலத்தில் இருந்ததா?

#2 ஊசிமுனை

வாங்க கலா. முதல் கேள்விக்கு ஒரே பதில்: கூடாது. கவுன்தான் கடைசி.

சிம்மீஸ் என்ற உள்சட்டை, டிராயர்ஸ் என்ற உள்கால்சட்டை, கார்செட், வளையப் பாவாடை, அதற்கு மேல் ஒரு பாவாடை. இத்தனையும் போட்டுக்கொண்டு நின்று அளவெடுத்த பிறகுதான் கவுன் துணியில் கத்தரி வைக்க வேண்டும். கார்செட் கட்டியதும் மார்பு மேலே ஏறும், முதுகு நிமிரும், இடுப்பு சிறுப்பதை விட உருண்டையாகும். வெறும் உடம்புக்கு வெட்டிய மேல்சட்டையை அதன்மேல் போட்டால் டார்ட் முனை தப்பான இடத்தில் நிற்கும், அக்குளிலிருந்து இடுப்பு வரை சுருக்கம் ஓடும். பாவாடையும் அப்படித்தான். வளையம் இல்லாமல் எடுத்த உயரம் வளையத்தின் மேல் ஏறியதும் கணுக்காலைக் காட்டிவிடும்.

சிம்மீஸ் சுலபம். முழங்கால் வரை நீளம், குட்டைக் கை, அகலக் கழுத்து. துணி வீணாகாமல் நேர்க்கோடுகளாக வெட்டுவார்கள், கை தூக்க வசதியாக அக்குளில் ஒரு சதுரத் துண்டு. லாங்கிளாத் போதும், லினன் கிடைத்தால் இன்னும் நல்லது. உடம்பில் ஒட்டும் துணி இதுதான், அடிக்கடி துவைப்பதும் இதைத்தான். பட்டுக் கவுன் தண்ணீரையே பார்க்காது. எண்ணெய்க் கறை பட்டால் முல்தானி மட்டியைத் தூவி, உறிஞ்சவிட்டுத் தட்டிவிடுவார்கள். அதனால் சிம்மீஸ் இரண்டு தைத்துக்கொள்ளுங்கள்.

டிராயர்ஸில் இரண்டு காலும் தனித்தனி. இடுப்புப் பட்டியில் மட்டும்தான் சேரும், நடுவில் தையல் கிடையாது. முகம் சுளிக்காதீர்கள். அதன் பட்டி கார்செட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், மேலே வளையம் வேறு. அதற்குப் பிறகு இடுப்பில் கைவிட்டு எதையும் இறக்க முடியாது. விழாவில் நாள் முழுக்க இருக்கப் போகிறீர்கள், நடுவில் தைத்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.

#3 காடாத்துணி

துணி பத்தி நான் சொல்றேனுங்க, ஈரோட்டுல அதுதான் நம்ம யாவாரம். முதல்ல மாதிரி வெட்டிப் பாக்க காடாத் துணி எடுத்துக்கோங்க. எத்தனை தடவை வெட்டினாலும் மனசு வலிக்காது. கார்செட்டுக்கு நெருக்கமா நெஞ்ச ட்ரில் துணி, குறுக்கால இழுத்தா அசையவே கூடாது. ஸ்ட்ரெச் கலந்த துணி பக்கம் போயிடாதீங்க.

கவுனுக்கு, டிசம்பர் குளிர்னு சொல்றீங்க, அதனால மெல்லிசு கம்பளி நெசவு எடுங்க. கோட்டு தைக்கிற மெல்லிசு ரகம் மீதித் துண்டா மலிவாக் கிடைக்கும். பட்டு மாதிரி மினுக்கற பாலியஸ்டர் டஃபெட்டாவை விட இது ஆயிரம் மடங்கு மேல். கம்பளி இஸ்திரிக்குப் பணியும், மடிப்பு சொன்ன இடத்துல நிக்கும். பாலியஸ்டர் நிக்காது. நெருப்புப் பட்டா உருகி உடம்புல ஒட்டிக்கும், அது வேற.

ஊதா தாராளமா போடலாம். 1856-ல லண்டன்ல வில்லியம் பெர்கின்னு 18 வயசுப் பையன், மலேரியாவுக்குக் கொயினா மருந்தைச் செயற்கையா செய்யப் போய், சாயத்தைக் கண்டுபிடிச்சுட்டான். தார்ல இருந்து வந்த முதல் செயற்கைச் சாயம் அந்த ஊதாதான். 1858-ல மூத்த மக கல்யாணத்துக்கு விக்டோரியா ராணியே அந்த நிறத்துல வந்தாங்க. அடுத்த வருசமே மெஜந்தா வந்துருச்சு. ஆக, 1861-62-க்கு ஊதாவும் மெஜந்தாவும் புத்தம்புது ஃபேஷன். அந்தக் காலம்னா எல்லாம் பழுப்பும் சாம்பலும்னு நினைக்கறது கருப்பு வெள்ளைப் படத்தைப் பாத்துப் பாத்து வந்த பழக்கமுங்க.

இன்னொண்ணு. அந்தக் காலத்துப் பட்டு 20, 22 அங்குலம்தான் அகலம். அருங்காட்சியகத்துப் பாவாடைங்கள்ல அதனாலதான் அத்தனை இணைப்பு. நீங்க 60 அங்குலத் துணி எடுத்தா இணைப்பு ரெண்டு மூணுல முடிஞ்சுரும். அது உங்க இஷ்டம், யாரும் எண்ணிப் பாக்கப் போறதில்ல.

#4 மெட்வே_கலா

நன்றி அக்கா, நன்றி அண்ணா. ஊதாக் கம்பளி, முடிவாகிவிட்டது. கார்செட்தான் பயமாக இருக்கிறது. விலா எலும்பையே எடுத்துவிடுவார்கள், 16 அங்குல இடுப்பு, மயங்கி விழுவது என்றெல்லாம் படித்திருக்கிறேன். அம்மாவிடம் சொன்னதும் “உனக்கென்ன தலையெழுத்து” என்கிறார்.

#5 பழந்துணிப்பெட்டி

விலா எலும்பு கதையை இன்றோடு விட்டுவிடுங்கள். மயக்க மருந்தாக ஈதர் 1846-இல்தான் மக்கள் முன் நிரூபிக்கப்பட்டது. அறுவை மருத்துவர் லிஸ்டர் கிருமிநாசினி முறையை வெளியிட்டது 1867-இல். வயிற்றையோ மார்பையோ திறந்தால் பிழைப்பது அரிது என்றிருந்த காலத்தில் அழகுக்காக எலும்பெடுக்க எந்த மருத்துவர் துணிவார்? அப்படி ஒரு சிகிச்சை நடந்ததற்குச் சான்று கிடையாது.

இடுப்பளவுக் கதைக்கு வருவோம். கார்செட்டுகள் முழுக்க மூடிய நிலையில் உள்ள அளவைச் சொல்லித்தான் விற்கப்பட்டன. போடும்போது முதுகில் இரண்டு, மூன்று அங்குலம் இடைவெளி விட்டுக் கட்டுவார்கள். 22 அங்குலக் கார்செட் என்றால் 24, 25 அங்குல இடுப்பு. புகைப்படங்களில் கண்ணாடித் தகட்டிலேயே இடுப்பைச் சுரண்டிச் சிறிதாக்குவதும் நடந்தது. இறுக்கிக் கட்டியவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. பத்திரிகைகளில் அதைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்தது. ஆனால் மாடிப்படி துடைத்த வேலைக்காரிகளும் ஆலையில் நின்ற பெண்களும் கூடக் கார்செட் போட்டுத்தான் வேலை செய்தார்கள்.

உங்களுக்கு இரண்டு அங்குலம் குறைத்தால் போதும். 1860-களின் இடுப்பு சிறிதாகத் தெரிவதற்குக் காரணம் கார்செட் மட்டுமல்ல. கீழே பாவாடை விரிகிறது, மேலே தோள் தையல் இறங்கிக் கை அகலமாகத் தெரிகிறது, நடுவில் எதுவாக இருந்தாலும் ஒடுங்கித்தான் தெரியும். அந்தக் காலக் கார்செட் நீளமும் குறைவு. இடுப்பெலும்பை வளையப் பாவாடையே மறைத்துவிடுவதால் இடுப்புக்குக் கீழே அதிகம் இறங்காது. 1890-களின் நீளக் கார்செட் மாதிரியை இதற்கு எடுத்துவிடாதீர்கள், கடைகளில் “விக்டோரியன்” என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில்தான் விற்பார்கள். விக்டோரியா ஆண்டது 1837 முதல் 1901 வரை. அந்த 64 ஆண்டுகளில் உடையின் உருவமே பல தடவை தலைகீழாக மாறியது.

முன்பக்கம் இரண்டு எஃகுப் பட்டைகள், ஒன்றில் குமிழ், மற்றதில் கொக்கி மாட்டும் வளையம். 1860-களில் இது பரவலாக இருந்தது. பின்னால் நாடா. நாடா கோர்க்கும் துளைக்கான உலோகக் கண்ணிகள் 1828-இலேயே வந்துவிட்டன, தயங்காமல் அடியுங்கள். கார்செட்டை விறைப்பாக நிறுத்த உள்ளே செருகும் பட்டைகளைத்தான் ‘எலும்பு’ என்போம். அதற்குத் திமிங்கலத் தாடைத் தகடு இப்போது கிடைக்காது, கிடைத்தாலும் சட்டவிரோதம். அதே மாதிரி வளையும் செயற்கைத் தகட்டை ஜெர்மனியில் செய்கிறார்கள், உடைத் தையல் பொருள் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். சுருள் எஃகு 20-ஆம் நூற்றாண்டின் சரக்கு, இந்தக் காலத்துக்குப் பொருந்தாது.

#6 ஊசிமுனை

செயற்கைத் தகட்டுக்குச் செலவழிக்க மனமில்லை என்றால் ஹார்டுவேர் கடையில், வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டையான கேபிள் டை, கனமாகவும் அகலமாகவும் வாங்கி, தலையை வெட்டிவிட்டு, முனையை உப்புத்தாளில் உருட்டித் தேய்த்து உள்ளே செருகலாம். உடம்புச் சூட்டில் கொஞ்சம் வளைந்து பழகிக்கொள்ளும். முதல் கார்செட்டுக்கு அது போதும்.

#7 திரைச்சீலை

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். சென்னையில் பள்ளி, கல்லூரி நாடகங்களுக்கு உடை தைத்துக் கொடுக்கிறேன். இங்கே எல்லோரும் அந்தப் பெண்ணைப் பயமுறுத்துகிறீர்கள். பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு உள்ளே சிம்மீஸ் இருக்கிறதா, எலும்பு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? நான் உள்பாவாடைக்கு எலாஸ்டிக், முதுகில் ஜிப், பிரஸ் பட்டன், பாலியஸ்டர் டஃபெட்டா எல்லாம் போடுகிறேன். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் மூன்று நிமிடத்தில் மாற்றியாக வேண்டும். கார்செட் நாடா இழுத்துக்கொண்டிருந்தால் திரை தூக்க முடியாது. கலைவிழாவுக்கு வேர்த்துக் கொட்டும் பிள்ளைக்கு இத்தனை அடுக்கு போட்டால் மயங்கியே விழும்.

#8 பழந்துணிப்பெட்டி

நீங்கள் சொல்வது மேடைக்குச் சரி. மூன்று நிமிட மாற்றத்துக்கு நானும் ஜிப்தான் வைப்பேன். கலா கேட்பது வேறு. அவர் தெருவில் மக்களோடு தோளோடு தோள் உரசி நடக்கப் போகிறார், உட்காரப் போகிறார், பக்கத்திலிருந்து பார்ப்பார்கள். உள்ளே இருப்பது தெரியாது என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. உள்ளே இருப்பதுதான் வெளியே வடிவமாகத் தெரிகிறது. எலாஸ்டிக் உள்பாவாடை மீது எவ்வளவு விலையுயர்ந்த பட்டைப் போட்டாலும் 1860 வராது. உள்ளடுக்கு சரியாக இருந்தால் மலிவான பருத்தி கூட அந்தக் காலமாகிவிடும்.

நீங்கள் சொன்ன பொருள்களில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜிப் இன்றைய வடிவத்துக்கு வந்தது 1913-இல், கவுன்களில் ஏறியது 1930-களில். பிரஸ் பட்டனுக்கு 1885-இல் காப்புரிமை, அதுவும் ஆண்கள் கால்சட்டைக்காக. இரண்டும் இந்த உடைக்கு ஆகாது. ஆனால் எலாஸ்டிக் இருந்தது! ரப்பரைக் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தும் முறைக்கு 1844-இலேயே காப்புரிமை எடுத்துவிட்டார்கள். பெண்கள் போட்ட பூட்ஸின் பக்கவாட்டில் எலாஸ்டிக் துணி உண்டு. ஊக்கும் 1849-இலிருந்து இருக்கிறது. ஆக, விழாவில் எங்காவது தையல் விட்டால் ஊக்கு குத்திக்கொள்வதற்கு வரலாற்றில் தடை இல்லை.

#9 திரைச்சீலை

ஊக்குக்கு அனுமதி கொடுத்ததற்கு நன்றி ஐயா :) எங்கள் தொழிலே அதில்தான் ஓடுகிறது.

#10 கைமெஷின்

கலாம்மா, மிஷின்ல தைக்கலாமா, கையிலயே தைக்கணுமான்னு நீங்க கேக்கல, ஆனா யாராவது வந்து “முழுக்கக் கைத்தையல்தான் ஒரிஜினல்”னு குழப்புவாங்க. அதான் முன்னாடியே சொல்லிடறேன். எலியாஸ் ஹோவ் 1846-ல காப்புரிமை வாங்கினார், சிங்கர் 1851-ல. 1860-கள்ல தையல்காரிங்க கிட்டயும் வசதியான வீடுங்கள்லயும் மிஷின் வந்தாச்சு. நீளத் தையல், பாவாடை இணைப்பு எல்லாம் மிஷின்ல ஓட்டலாம். இழை பின்னி வர்ற நேர்த்தையல் மட்டும், அதுவும் சின்னத் தையலா. ஜிக்ஜாக் கூடாது, ஓவர்லாக் கூடவே கூடாது. உள்பக்க ஓரத்தைக் கையால சுத்தித் தைங்க. காஜா, கொக்கி, பாவாடை மடிப்பைப் பட்டியில ஏத்தறது, கழுத்து ஓரம், இதெல்லாம் கை வேலை.

பழைய கைமிஷின் ஒண்ணு கிடைச்சா விடாதீங்க. கார்செட்டுக்கு நாலு மடிப்பு ட்ரில்லை ஓட்டறப்போ புது பிளாஸ்டிக் மிஷின் அழும், அது அழாது.

#11 மெட்வே_கலா

பெரிய பாரம் இறங்கியது. இப்போது மேல்சட்டை. இது சேலை பிளவுஸ் மாதிரி இறுக்கம்தானே, என் பிளவுஸ் கட்டிங்கையே நீட்டிக்கொள்ளலாமா? ரெடிமேட் பேட்டர்ன் வாங்க வேண்டுமா?

#12 ஊசிமுனை

கட்டிங்கை நீட்டாதீர்கள். பிளவுஸ் தைத்த கை பழக்கம் உதவும், வரைபடம் உதவாது. எங்கெங்கே மாறுகிறது என்று சொல்கிறேன்.

தோள் தையல் தோளின் உச்சியில் இருக்காது. பின்பக்கம் சரிந்து இறங்கியிருக்கும், நேராக முன்னால் நின்று பார்த்தால் தெரியவே தெரியாது. ஆம்ஹோல் தோள் எலும்பைத் தாண்டிக் கையின் மேல் விழும், ஆனால் அக்குளில் உயரமாக, நெருக்கமாக இருக்கும். அக்குள் இறங்கினால் கை தூக்கும்போது மொத்தச் சட்டையும் ஏறும். இந்தக் காலத்துத் தையலில் அதிகம் கெடுவது அங்கேதான்.

முதுகில் நடுப்பகுதி, இடுப்பில் ஒடுங்கித் தோளில் விரியும், அதன் இருபக்கமும் வளைந்த தையல். பக்கத் தையலும் பின்னால் தள்ளியே இருக்கும். முன்பக்கம் ஒவ்வொரு பாதியிலும் இரண்டு டார்ட், இடுப்பிலிருந்து எழுந்து மார்பை நோக்கிச் சாய்ந்து போகும். பிளவுஸில் நாம் சுற்றிலும் பிடிக்கும் டார்ட்டுகள் இதில் கிடையாது. மார்பின் வடிவத்தைக் கார்செட் பார்த்துக்கொள்கிறது, சட்டை அதன்மேல் வழுக்கி உட்கார்ந்தால் போதும்.

லைனிங்கைத் தனிச் சட்டையாகத் தைத்து உள்ளே திருப்பிப் போடும் வழக்கம் இல்லை. ஒவ்வொரு துண்டுக்கும் லைனிங்கை மேல்துணியோடு வைத்து ஓட்டுத்தையல் போட்டு, இரண்டையும் ஒரே துணியாக நினைத்துத் தைக்க வேண்டும். டார்ட்டையும் இரண்டும் சேர்த்தே பிடிக்கலாம். ஓரங்களில் ஒரு அங்குலம் தாராளமாக விடுங்கள். அருங்காட்சியகச் சட்டைகளைப் புரட்டிப் பார்த்தால் உள்ளே அகலமாகத் துணி விட்டிருப்பார்கள், பிள்ளை பிறந்த பிறகு பிரித்து விரிக்க. டார்ட்டின் மேலும் பக்கத் தையலின் மேலும் நாடாக் குழாய் வைத்து எலும்பு. இடுப்பின் உள்ளே ஒரு உறுதியான நாடா, தையல்களில் மட்டும் பிடித்து, முன்னால் தனிக் கொக்கி. கவுனின் கனத்தை அந்த நாடா தாங்கும், சட்டை மேலே ஏறாது. ஆம்ஹோலிலும் அடி ஓரத்திலும் கிராஸ் பீஸ் வெட்டி மெல்லிய கயிறு வைத்துப் பைப்பிங். இதில் நீங்கள் கைதேர்ந்தவர் என்று சொன்னீர்கள்.

வெள்ளைக் காலரையும் கை ஓரத்தையும் ஓட்டுத்தையலில் மட்டும் பிடியுங்கள். அழுக்கானால் பிரித்துத் துவைக்க வேண்டியவை.

பேட்டர்ன் வாங்கலாம், தப்பில்லை. உங்கள் அளவுக்கு என்று போட்டிருக்கும் எண்ணை நம்பாமல் காடாவில் வெட்டிப் போட்டுப் பாருங்கள், கார்செட்டுக்கு மேல்.

#13 பழந்துணிப்பெட்டி

சேர்த்துக்கொள்ள ஒன்று. வண்ணம் தீட்டிய ஃபேஷன் படங்களைப் பார்த்துத் தைக்காதீர்கள். அவை விற்பனைக்காக வரைந்த கனவுகள், அந்தக் காலப் பெண்களே அப்படி இருக்கவில்லை. 1854-இல் பாரிசில் காப்புரிமை பெற்ற சிறு அட்டைப் புகைப்படங்கள் 1860 வாக்கில் பெரும் மோகமாகப் பரவின, சாதாரணக் குடும்பங்களும் எடுத்துக்கொண்டன. அவற்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். கையில் சுருக்கம் இருக்கும், கொக்கி இழுக்கும், காலர் கோணலாக நிற்கும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இல் தன் படங்களில் பெரும்பகுதியைத் தடையின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அங்கே நிஜக் கவுன்களின் முன், பின், பக்கம் எல்லாம் பார்க்கலாம். அக்குள் துண்டுகளில் துணி போதாமல் ஒட்டுப்போட்டுச் சேர்த்திருப்பதைப் பணக்காரர்களின் பட்டிலும் காணலாம். துணி விலை அதிகம், கூலி குறைவு. உங்களுக்குத் துணி போதாவிட்டால் நீங்களும் ஒட்டுப்போடலாம்.

#14 சீலைக்காரன்

எல்லாம் சரி, நம்ம நிறத்துக்கும் முகத்துக்கும் இந்த உடை “ஆக்குரேட்”ஆ? யாராவது கேட்டா என்ன சொல்லுவீங்க கலா? சும்மாதான் கேட்கிறேன்.

#15 பழந்துணிப்பெட்டி

சும்மா கேட்டாலும் பதில் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்து, விக்டோரியாவின் ஞானமகளாக வளர்ந்த சாரா ஃபோர்ப்ஸ் பொனெட்டா 1862 ஆகஸ்டில் பிரைட்டனில் திருமணம் செய்துகொண்டார். அடுத்த மாதம் லண்டனில் புகைப்படக்காரர் கமீல் சில்வி எடுத்த அவருடைய படங்கள் இருக்கின்றன. கலாவுக்கு வேண்டிய அதே ஆண்டு, அதே வடிவம். இன்னும் பக்கத்தில் வேண்டுமானால் குடகு அரசரின் மகள் கௌரம்மா. 1852-இல் இங்கிலாந்து போய், ராணியையே ஞானத்தாயாகக் கொண்டு ஞானஸ்நானம் பெற்று, 1864-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். இவர்களைத் தவிர, இந்தியாவிலிருந்து ஆங்கிலேயக் குடும்பங்களோடு கப்பலேறிய ஆயாக்கள் எத்தனையோ பேர். பெயர் பதிவானவர்கள்தான் குறைவு.

#16 மெட்வே_கலா

சாராவின் படத்தைப் பார்த்தேன். அச்செடுத்துத் தையல் மேசைக்கு மேல் ஒட்டிவிட்டேன். சீலைக்காரருக்கு நன்றி, நீங்கள் கேட்டிராவிட்டால் கிடைத்திருக்காது.

அடுத்து வளையப் பாவாடை. கல்யாணக் கவுன் கடைகளில் கிடைப்பது ஆகுமா? இன்னொன்று, பஸ்ஸில் எப்படி ஏறுவது?

#17 ஊசிமுனை

கல்யாணக் கடைச் சரக்கில் மூன்று, நாலு வளையம்தான் இருக்கும், அதுவும் பிளாஸ்டிக். கம்பளிக் கனத்தில் நெளிந்துவிடும், வடிவமும் முழு மணி போல இருக்கும். 1860-களின் தொடக்கத்தில் வடிவம் முழு மணி இல்லை. முன்பக்கம் சற்றே தட்டையாகி, விரிவு பின்னால் போகத் தொடங்கிவிட்டது.

எஃகு வளையப் பாவாடைக்குக் காப்புரிமை 1856-இல் வந்தது. அதற்கு முன் அதே அகலத்துக்குக் குதிரைமயிர்ப் பாவாடையும் கஞ்சி போட்ட பாவாடைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார்கள், காலைச் சுற்றி அத்தனை துணி. எஃகு வந்ததும் அந்தக் கனம் போனது. கேலிச்சித்திரக்காரர்கள் வளையத்தைக் கிண்டல் அடித்தார்கள், போட்ட பெண்கள் அதை விடுதலையாகத்தான் பார்த்தார்கள். நானும் அவர்கள் கட்சி. கால் தாராளமாக நடக்கும்.

செய்முறை கஷ்டமில்லை. துணி சுற்றிய ஸ்பிரிங் எஃகுப் பட்டை வாங்கி, இடுப்புப் பட்டியிலிருந்து தொங்கும் நாடாக்களில் வளையங்களைக் கோர்ப்பது. அடி வளையம் 110 முதல் 120 அங்குலம் சுற்றளவு போதும், பகல் உடைக்கு அதற்கு மேல் வேண்டாம். பின் நாடாக்களை முன் நாடாக்களை விடக் கொஞ்சம் நீளமாக விட்டால் விரிவு பின்னால் போகும். வெட்டிய எஃகு முனைகளுக்குக் கட்டாயம் மூடி போடுங்கள், துணியையும் காலையும் கிழிக்கும். அதன்மேல் அடியில் ஃபிரில் வைத்த ஒரு பருத்திப் பாவாடை போடாவிட்டால் கவுனில் வளையங்கள் வரிவரியாகத் தெரியும்.

உட்காரும்போது பின் வளையத்தை லேசாகத் தூக்கிவிட்டு நாற்காலி நுனியில் உட்கார வேண்டும். அப்படியே பின்னால் சாய்ந்தால் முன்பக்கம் எழுந்து ஊருக்கே டிராயர்ஸைக் காட்டும். பஸ்ஸில் வளையத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஏறுங்கள். தட்டையாக மடங்கும்.

கணப்பு, மெழுகுவர்த்தி பக்கத்தில் போகாதீர்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கவிஞர் லாங்ஃபெலோவின் மனைவி ஃபிரான்சிஸ் 1861 ஜூலையில் வீட்டிலேயே உடையில் தீப்பிடித்து, மறுநாள் இறந்தார். வளையத்தின் அடியில் காற்று நிறைய இருக்கும், தீ பிடித்தால் கை எட்டாது. காடாத்துணி தம்பி கம்பளி சொன்னது இதற்கும் சேர்த்துத்தான் நல்லது. கம்பளி சட்டென்று பற்றாது.

#18 காடாத்துணி

அக்கா, துணிக் கணக்கு நான் போட்டுத் தர்றேன். 44 அங்குல அகலம்னா பாவாடைக்கு நாலு அகலம், இணைப்பு போக 172 அங்குலம் சுத்து வரும். ஒவ்வொண்ணும் 45 அங்குல நீளம் வெச்சா 5 கஜம். சட்டைக்கும் கைக்கும் 3 கஜம். மொத்தம் 8 கஜம், ஏழேகால் மீட்டர் சொச்சம். கொஞ்சம் கூடவே எடுங்க, மறுபடி அதே சாயம் கிடைக்காது.

#19 ஊசிமுனை

கணக்கு சரி. ஒன்றை மட்டும் கவனியுங்கள் கலா. நேர் அகலங்களை இணைத்த பாவாடையில் அடி ஓரத்தை வெட்டிச் சமப்படுத்தக் கூடாது. அடியைத் துணியின் நேர் இழையிலேயே விட்டு, முன்பக்கம் அதிகமாக இருக்கும் நீளத்தை இடுப்பில் உள்பக்கம் மடித்துவிட்டு, அதன் பிறகு மடிப்புப் பிடித்துப் பட்டியில் கையால் ஏற்ற வேண்டும். வளையம் போட்டுக்கொண்டு, யாரையாவது தரையில் உட்காரவைத்துச் சுற்றிலும் அளக்கச் சொல்லுங்கள். அடியில் மடித்துத் தைப்பதற்குப் பதில் ஐந்து அங்குல அகலத்தில் வேறு பருத்தித் துணியை உள்பக்கம் வைத்துப் பிடியுங்கள், விளிம்பில் கம்பளி நாடா. தெருவில் உரசித் தேய்வது நாடாதான், தேய்ந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

#20 வன்னிமலர்

நான் ரொறன்ரோவில இருக்கிறன். கன நாளா இந்த இழையை வாசிச்சுக்கொண்டு வாறன், எழுத இப்பதான் துணிவு வந்தது. ஒரு சந்தேகம். பொன்வண்டு இறகு வைச்சுத் தைச்ச விக்டோரியாக் கால கவுன் ஒண்டைப் படத்தில பார்த்தன். நிசமோ? கலா அக்கா அதையும் வைக்கலாமோ?

#21 பழந்துணிப்பெட்டி

நிசம்தான். பொன்வண்டின் பச்சை முன்னிறகுகளை மஸ்லினில் ஜரிகையோடு சேர்த்துத் தைத்து, கவுனுக்கான துணியாகவே இந்தியாவிலிருந்து அனுப்பினார்கள். விளக்கு வெளிச்சத்தில் மின்னுவதற்காக, ஆகவே அது மாலை விருந்து உடை. பகல் கம்பளியில் வைத்தால் பொருந்தாது.

ஆனால் கலா, பிற்காலத்து உடை ஒன்று உங்கள் கென்ட்டிலேயே இருக்கிறது. 1888-இல் நடிகை எலன் டெர்ரி லேடி மாக்பெத்தாக மேடையேறியபோது போட்ட பச்சை உடை, முழுக்கப் பொன்வண்டு இறகு. ஓவியர் சார்ஜென்ட் அதை ஓவியமாகவே தீட்டினார். உடை டெர்ரி வாழ்ந்த ஸ்மால்ஹைத் பிளேஸ் வீட்டில், செப்பனிட்ட பிறகு 2011-இலிருந்து இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

குளிருக்கு மேலே போட என்ன என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. சால்வைதான். வளையத்தின் மேல் கோட்டு உட்காராது, பெரிய சதுரச் சால்வையை மூலைக்கு மூலை மடித்துப் போர்த்தினால் அழகாக விழும். காஷ்மீர் சால்வைக்கும் அதைப் பார்த்து ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் நெய்த நகலுக்கும் அது பொற்காலம். மாங்காய்க் கரை போட்ட கம்பளிச் சால்வை வீட்டில் இருக்கிறதா?

#22 மெட்வே_கலா

அத்தையுடையது இருக்கிறது! சிவப்பு, மாங்காய்க் கரை. ஊதாவுக்கு மேல் சிவப்பு கண்ணைக் குத்தாதா?

பானெட்டில், அதாவது தாடைக்குக் கீழ் நாடா கட்டும் தொப்பியில், வைக்கப் பழைய பொருள் சந்தையில் அந்தக் காலத்துச் செயற்கை இலைக் கொத்து ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். பளீர்ப் பச்சை.

#23 ஊசிமுனை

கண்ணைக் குத்தட்டும், அந்தக் காலத்துக் கண்களுக்கு அது பிடித்திருந்தது.

இலைக் கொத்து வேண்டாம். தொடவும் வேண்டாம். அந்தப் பளீர்ப் பச்சை பெரும்பாலும் ஆர்செனிக் சாயம். லண்டனில் மட்டில்டா ஷூரர் என்ற 19 வயதுப் பெண், செயற்கை இலைகளுக்கு அந்தப் பொடி தூவும் வேலை பார்த்தவர், 1861 நவம்பரில் அதனாலேயே இறந்தார். பொடி இன்றும் உதிரும். புதுத் துணியில் இலை வெட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் நீளத் தலைமுடி பெரிய வசதி. நடு வகிடு, காதை மூடிப் படிய வாரி, கழுத்துக்கு மேல் தாழ்வாகக் கொண்டை. எண்ணெய் தேய்க்கலாம். எண்ணெய்த் தலை சாய்ந்து கறையாகிறது என்று நாற்காலி முதுகில் தனித் துணி போட்டுவைத்த காலம் அது. நெற்றியில் முடி சுருட்டித் தொங்கவிடாதீர்கள், அது இருபது வருஷம் கழித்து வந்தது.

#24 மெட்வே_கலா

லாங்கிளாத் வந்துவிட்டது. சிம்மீஸ் வெட்டிவிட்டேன். அம்மா இப்போது வீடியோவில் கூட உட்கார்ந்து கை ஓரம் எப்படி மடிப்பது என்று சொல்லித் தருகிறார். டிராயர்ஸ் கால் எதுவரை இருக்க வேண்டும்? அடியில் லேஸ் கட்டாயமா?

#25 ஊசிமுனை

முழங்காலுக்குச் சற்றுக் கீழே. லேஸ் வேண்டாம், மெல்லிய டக் மூன்று பிடித்தால் போதும், நடுத்தரக் குடும்பம் இல்லையா. இடுப்புப் பட்டிக்குப் பின்னால் பொத்தான் வைக்காமல் நாடா வையுங்கள், கார்செட்டுக்கு அடியில் பொத்தான் குத்தும். தைத்து முடித்ததும் படம் போடுங்கள், அப்புறம் கார்செட்டுக்கு அளவெடுக்கலாம்.

#26 திரைச்சீலை

எனக்கும் அந்தக் கார்செட் அளவு வேண்டும். கேபிள் டை வாங்கி வைத்திருக்கிறேன். யாரும் சிரிக்க வேண்டாம்.